பானகத்தில் வந்த சாமி

என் மேல் சாமி வந்ததே இல்லை.

ஒரு தடவைகூட இல்லை. எங்கள் ஊர்க் கருப்பு கோயில் வாசலில் நான் அரிவாளைப் பிடித்துக்கொண்டு நடுங்கியதை நீங்கள் பார்த்திருக்கலாம். என் கையால் திருநீறு வாங்கியிருக்கலாம். என் வாக்கை நம்பிக் கிணறு வெட்டியிருக்கலாம், பெண்ணைக் கட்டிக் கொடுத்திருக்கலாம்... அத்தனையும் பொய். வந்தது சாமி அல்ல, வெல்லத் தண்ணீர். வெட்டித் தைத்த என் வயிற்றுக்குள் இறங்கிய வெல்லத் தண்ணீர்!

அந்தப் பொய்யால் ஓர் உயிர் போயிற்று. அதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வயிற்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

என் பெயர் வேலுச்சாமி. எண்பதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறைக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சப் படிப்பெல்லாம் பஸ்ஸுக்குள்தான். சந்தைக்குப் போகிறவர்களும் கோர்ட்டுக்குப் போகிறவர்களும் சம்பந்தம் பேசப் போகிறவர்களும் சிந்துகிற சொலவடைகளைப் பொறுக்கிக்கொண்டே டிக்கெட் கிழிப்பேன்.

அந்தப் பஸ்ஸை ஓட்டியவன் செல்லமுத்து. என் பெரியப்பா மகன், என்னைவிட இளையவன். ஒரே பங்காளி வீடு, ஒரே பஸ், ஒரே டீக்கடை. வெறும் வயிற்றில் டீ, டீக்கு மேல் பீடி. பசிக்கிற நேரம் பார்த்து வண்டி எடுக்கிற நேரம் வந்துவிடும். வியாதியும் இரண்டு பேருக்கும் ஒன்றேதான் வந்தது, வயிற்றுப்புண். எனக்கு முந்தி, அவனுக்குப் பிந்தி.

எனக்கு முற்றிப்போய் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்:

“வேலுச்சாமி, பானை மாதிரி இருந்த வயித்தச் சொம்பு மாதிரி ஆக்கியிருக்கோம். கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடுங்க. சோத்தோட தண்ணி குடிக்காதீங்க. இனிப்பு ஆகாது. அதுவும் தண்ணியா இருக்கிற இனிப்பு, வெறும் வயித்துல ஆகவே ஆகாது. சடசடன்னு குடலுக்குள்ள எறங்கிரும். வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கை கால் நடுங்கும், கண்ணு இருட்டும். பயப்படாதீங்க. செத்த நேரம் படுத்தாச் சரியாயிரும்.”

இந்தச் சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது என்று நான் பின்னால் சொல்லவே முடியாது.

வலி போய்விட்டது, உண்மை. நெருப்பை வைத்து ஊதியது போன்ற அந்தப் பழைய வலி அடியோடு போய்விட்டது. ஆனால் அதன் இடத்தில் பயம் வந்து குடியேறியது... சோற்றைக் கண்டால் பயம். ஒரு கவளம் கூடிவிட்டால் மேல்வயிறு கல்லாகிவிடும். விடியற்காலையில் பச்சைப் பித்தமாக வாந்தி வரும். சர்க்கரை போட்ட காப்பி அரை டம்ளர் போதும், அடிவயிறு புரண்டு ஓடத் தொடங்கிவிடும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். நானும் நொறுங்கத்தான் தின்றேன். வந்ததென்னவோ நூறு அவமானம்.

எரியோடு ஊரைத் தாண்டியதும் எத்தனை தடவை விசில் அடித்துப் பஸ்ஸை நிறுத்திவிட்டு வேலிக்கருவைக்குள் ஓடியிருக்கிறேன்! பஸ் நிறைய ஆட்கள் காத்திருப்பார்கள்.

“கண்டக்டரு காட்டுக்கு டிக்கெட்டுக் குடுக்கப் போயிருக்காரு. செத்தப் பொறுங்கப்பா” என்று ஒருவன் சொல்ல, பஸ்ஸே சிரிக்கும்.

செல்லமுத்து மட்டும் சிரிக்க மாட்டான். இன்ஜினை முறுக்கிச் சத்தத்தைக் கூட்டுவான். அந்தச் சிரிப்பு என் காதில் விழக்கூடாதாம். திரும்பி வந்து ஏறினால், நான் முகம் துடைக்கிற வரைக்கும் கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்படிப்பட்டவன் அவன்.

ஊரில் இன்னும் மோசம். கலியாண வீட்டில் பாயசத்தை ஒதுக்கினால் பெண் வீட்டாருக்குக் கோபம். வெஞ்சனத்தைத் தொட்டுக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்தால் ஏளனம். “ஏலே வேலு, மதுரையில வயித்தக் கழட்டி வச்சுக்கிட்டு வெறும் பையத் தச்சு அனுப்பிட்டாங்களாமே, நெசமா?” என்று பந்தியிலேயே கேட்பார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். மற்றவன் வயிறு ஊருக்கு வேடிக்கைதானே.

இந்த நிலையில்தான் எங்கள் கோயில் திருவிழாவான சாமி கும்பிடு வந்தது.

எங்கள் பங்காளிகளின் சாமி கருப்பு. சாமியாடியாக இருந்த என் சித்தப்பா இறந்தபின் புதிதாக ஒருவர் மேலும் சாமி இறங்கவில்லை. சாமி இறங்கி உத்தரவு கொடுக்காமல் படையல் போடக்கூடாது என்பது வழக்கம். போன கும்பிடு அதனாலேயே நின்று போனது. இந்த முறை பங்காளி ஆண்கள் அத்தனை பேரும் விரதம் இருந்து, குளித்து, ஈர வேட்டியோடு வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்கொரு சொம்பு பானகம் கொடுப்பார்கள். உறுமி முழங்கும். யார் மேல் இறங்குகிறதோ அவரே சாமியாடி. நான் வரிசையின் கடைசியில் நின்றேன்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சொம்பு என் கைக்கு வந்தது. வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் மணத்தன. டாக்டர் சொன்னது நினைவில் இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது. ஆனால் சாமி முன்னால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? அங்கேயும் என் வயிற்றுக் கதையையா பேசுவது? குடித்துவிட்டேன்.

உறுமி நாலு சுற்று முழங்கியிருக்காது. உள்ளங்காலிலிருந்து வேர்வை கிளம்பியது. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. கை நடுங்கி, கால் நடுங்கி, கோயில் வாசலே சாய்ந்து சுழன்றது. படுக்க வேண்டும் என்று ஒரே தவிப்பு... பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். நீட்டிய கையில் யாரோ அரிவாளைக் கொடுத்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

பெரியப்பா என் முன்னால் வந்து நின்றார். செல்லமுத்துவின் தகப்பனார் அவர், கோயில் காரியங்களுக்குப் பெரியவர். நெற்றி நிறையத் திருநீற்றை அப்பிவிட்டுக் கைகட்டிக் கேட்டார்:

“யாரப்பா வந்திருக்கிறது?”

அந்த ஒரு கணம் என் கையில் இருந்தது. ‘பெரியப்பா, நான் வேலுதான், வயிறு சரியில்லை, படுக்கணும்’ என்று சொல்லியிருக்கலாம். கண்ணைத் திறந்தேன். என்னைப் பந்தியில் கேலி பேசிய அத்தனை முகங்களும் கைகூப்பி நின்றன. ‘வெறும் பை’ என்றவன் கையும் கூப்பித்தான் இருந்தது.

“கருப்பு” என்றேன்.

ஒரே ஒரு சொல்! பிறகு கண் இருட்டி விழுந்தேன். சாமி மலையேறிவிட்டது என்று விசிறினார்கள். படுத்த கொஞ்ச நேரத்தில், டாக்டர் சொன்னபடியே, எல்லாம் சரியாகிவிட்டது.

அதன்பின் யாரும் என்னை ஏலே என்று கூப்பிடவில்லை. கலியாண வீட்டில் நான் இரண்டு வாயோடு எழுந்தால், ‘சாமிக்கு அம்புட்டுத்தான் ஆகாரம்’ என்றார்கள். வேலிக்கருவைப் பக்கம் போனால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எந்த வயிறு என்னைத் தலைகுனிய வைத்ததோ அதே வயிறு என்னைத் தூக்கி உட்கார வைத்தது. இறங்க மனம் வருமா? நீங்களே சொல்லுங்கள்... வேண்டாம், சொல்லாதீர்கள்.

அமாவாசைதோறும் வாக்குக் கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் பட்டினி கிடந்து, பானகம் குடித்து, நடுக்கத்தை வரவழைத்துக்கொண்டேன். ஆம், வரவழைத்துக்கொண்டேன். என் மனைவி பஞ்சவர்ணம்தான் வீட்டில் கரைத்துக் கொடுப்பாள். கோயிலுக்கு முந்தியே, ஒரு பொங்கலன்று சர்க்கரைப் பாலைக் குடித்துவிட்டு நான் இதே போல் நடுங்கி விழுந்ததைப் பார்த்தவள் அவள். ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் ஒன்று மட்டும் கேட்பாள்:

“வெல்லம் கொஞ்சமாப் போடவா, கூடப் போடவா?”

யார் என்ன கேட்க வருகிறார்கள் என்பதைப் பொறுத்துச் சொல்வேன். வெட்கம் கெட்டவன்!

செல்லமுத்துவுக்கு வயிறு மோசமாகிக்கொண்டே வந்தது. சோடா உப்பைக் கரைத்துக் குடிப்பான். துண்டை இறுக்கி வயிற்றில் கட்டிக்கொண்டு ஓட்டுவான். கியர் போடுகிற கை அடிக்கடி மேல்வயிற்றுக்குப் போகும். எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போய்க் காட்டினான். தள்ளிப்போடக் கூடாது, தீபாவளி கழிந்ததும் வந்து படுத்துவிடு என்று சொல்லிவிட்டார்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை முன்னால் நின்று என்னிடம் சொன்னான்:

“எனக்கும் வெட்டிட்டா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு எலச் சோறு போதும்ணே.”

“விளையாட்டா இருக்கா ஒனக்கு. எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் வயித்தையே நெனச்சுக்கிட்டுக் கெடக்கணும்டா.”

“இப்ப மட்டும் வேறெத நெனக்கிறேனாம்?” என்று சிரித்தான். “சாமி கும்புடு வரட்டும். எனக்கும் ஒரு சொம்பு பானகத்தக் குடுங்க. கருப்பு என் மேலயும் வாராரான்னு பாத்துருவோம்.”

விளையாட்டாகத்தான் சொன்னான். அவன் மனத்தில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் நான் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

அவனும் பங்காளி. அடுத்த கும்பிடில் அவனும் பங்காளிகளோடு வரிசையில் நிற்பான், பட்டினி கிடந்து பானகம் குடிப்பான். அதே டாக்டர் வெட்டிய அதே வயிறு... அவனுக்கும் வேர்க்கும், நடுங்கும், கண் இருட்டும். எழுந்து உட்கார்ந்து, அவன் குணத்துக்கு, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவான்: ‘இது சாமி இல்லப்பா, மதுரைத் தையல்.’ அதற்கப்புறம் நான் யார்?

அந்த அமாவாசைக்கே அவன் மனைவி பேச்சி கோயிலுக்கு வந்தாள். எந்தக் காரியமானாலும் சாமி உத்தரவு இல்லாமல் தொடங்காத வீடு அது. செல்லமுத்து வேப்பமரத்தடியில் துண்டை வயிற்றில் கட்டியபடி உட்கார்ந்திருந்தான். மற்ற நாளில் என்னை அத்தான் என்று கூப்பிடுகிறவள் முந்தானையை ஏந்தி நின்றாள்.

“சாமி, அவருக்குக் கத்தி வைக்கணும்ங்கிறாக. உத்தரவு குடுக்கணும்.”

உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. மனம் தெளிவாக இருந்தது. அதுதான் பாவம்! மயக்கத்தில் சொன்னேன் என்று ஒதுங்க வழியில்லை.

“கத்தி வேணாம். திருநீறு போதும். நான் காத்துக்குவேன்.”

பேச்சி அழுதுகொண்டே விழுந்து கும்பிட்டாள். செல்லமுத்து எழுந்து வந்து திருநீறு வாங்கிக்கொண்டான். என் கண்ணைப் பார்த்தான். நான் மூடிக்கொண்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என்னைப் போல் அவன் சீரழியக் கூடாது என்ற பாசம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாசமும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் பாசம் மட்டும் இருந்திருந்தால் டீக்கடையிலேயே ‘போய் வெட்டிக்கொள், சீரழிந்தாலும் உயிரோடு இருக்கலாம்’ என்றல்லவா சொல்லியிருப்பேன்? நான் உயிரோடுதானே இருக்கிறேன்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் இல்லை. பூசாரி ஒருவன்தான்.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வலித்தாலும் சொல்லவில்லை. சாமி காக்கும்போது வலிக்கிறது என்றால் சாமிக்குக் குறைவு என்று நினைத்தானோ என்னவோ. தை மாதம் ஒரு காலையில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கப் போனவன் அப்படியே ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்தான். தூக்கினோம். வயிறு பலகை மாதிரி இருந்தது. டாக்சி பிடித்து மதுரைக்குக் கொண்டு போகும்போது என் மடியில்தான் தலை.

“அண்ணே, திருநீறு இருக்கா?” என்று கேட்டான்.

சட்டைப் பையில் இருந்தது. பூசிவிட்டேன். பூசிவிட்டேன்... வேறு என்ன செய்திருப்பீர்கள் நீங்கள்?

வயிற்றில் ஓட்டை விழுந்து உள்ளே எல்லாம் பரவிவிட்டது என்றார்கள். அதே டாக்டர்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“தீபாவளி கழிஞ்சு வரச் சொன்னேனே. ஏன் வரல?”

மறுநாள் செல்லமுத்து இறந்து போனான்.

பெரியப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “சாமி சொன்னதுக்கு மேல நாம என்ன செய்ய முடியும்?” என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய்.

துக்கம் கழிந்த முதல் அமாவாசையில் பேச்சி வந்தாள். கோயில் வாசலுக்கு வரவில்லை, செல்லமுத்து உட்கார்ந்திருந்த அதே வேப்பமரத்தடியில் நின்றாள்.

“காத்துக்குவேன்னு சொன்ன சாமி காக்கல. அப்ப நான் ஏதோ குத்தம் பண்ணியிருக்கேன். என்ன குத்தம்னு சொல்லணும்.”

ஊரே என் வாயைப் பார்த்தது. சாமி தவறியது என்று சொன்னால் சாமி இல்லை. சாமி இல்லை என்றால் நான் இல்லை.

“விரதத்துல கொறை” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்பது போல் ஆட்டினாள்! எந்த நாளில் எந்தப் பாத்திரத்தைக் கழுவாமல் வைத்தோம் என்று அப்போதே தேடத் தொடங்கியவள் போல... அன்றிலிருந்து ஒருநேரச் சாப்பாடு. இரண்டு பிள்ளைகளுக்கும் பொங்கிப் போட்டுவிட்டு, தான் இருட்டியபின் ஒருபிடி. காட்டு வேலைக்குப் போகிற உடம்பு அது. பஞ்சவர்ணம் போய்ச் சோறு வைத்துக் கெஞ்சியும் கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம், எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று குனிந்து முஷ்டியை மேல்வயிற்றில் வைத்து அழுத்தினாள். அந்த முஷ்டியை நான் அறிவேன். நானும் அங்கேதான் அழுத்தினேன். செல்லமுத்துவும் அங்கேதான்.

“எம்புட்டு நாளா பேச்சி?”

“அது கெடக்கு அத்தான். எரியும், அப்புறம் அடங்கிரும்.”

“நாளைக்கே மதுரைக்குப் போ. நான் கூட்டிட்டுப் போறேன். அந்த டாக்டர்ட்டயே காட்டுவோம்.”

“நீங்க சொல்றது சரிதேன். ஆனா சாமி உத்தரவு வேணுமில்ல? ஒருக்கா குத்தம் பண்ணித்தேன் அவரப் பறிகுடுத்தேன். மறுக்கா மீறுனா பிள்ளைகளுக்கு என்னாகுமோ.”

“நான் சொல்றேன்ல பேச்சி, போ.”

“நீங்க சொல்லி என்ன அத்தான்? சாமி சொல்லணும்.”

வேலுச்சாமியின் வாய்க்கு மதிப்பில்லை. கருப்பின் வாய்க்குத்தான் மதிப்பு. அவளைப் பிழைக்க வைக்க எனக்கு இருந்தது ஒரே வழி. அந்த அமாவாசைக்கு நான் வயிற்றைப் பட்டினி போட்டேன். பஞ்சவர்ணம் வெல்லத்தை நுணுக்கிக்கொண்டே அளவு கேட்டாள்.

“கூடவே போடு” என்றேன்.

அதுவரை அப்படி நடுங்கியதில்லை. அரிவாள் கையில் நிற்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்றவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்:

“மதுரைக்குப் போ. மருந்து குடுத்தாக் குடி. கத்தி வச்சாலும் பயமில்ல. நான் கூட வாரேன்.”

உறுமி நின்றது. பேச்சி கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அன்னைக்கு அவரு கூட மட்டும் ஏன் சாமி வரல?”

பெரியப்பாகூட என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் அந்தக் கேள்வி இருந்தது. எத்தனை நாளாக அங்கே இருந்ததோ! ‘சாமியே இல்லை பெரியப்பா, உங்கள் மகனைக் கொன்றது நான்’ என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொன்னால் உத்தரவும் பொய்யாகிவிடும், அவள் மதுரைக்குப் போக மாட்டாள்... இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதிலும் பாதிதான் உண்மை. இன்னொரு பாதி என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு விழுந்தேன்.

“சாமி மலையேறிருச்சு” என்றார் பெரியப்பா. “நீ போத்தா பேச்சி.”

பேச்சி மதுரைக்குப் போனாள். அவளுக்குக் கத்தி தேவைப்படவில்லை, மாத்திரையிலேயே அடங்கிவிட்டது. இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். சாமி காப்பாற்றியது என்று ஊர் சொல்கிறது. அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னை அத்தான் என்றும் கூப்பிடுவதில்லை, சாமி என்றும் கூப்பிடுவதில்லை. ஆனால் ஓர் அமாவாசை தவறாமல் வருகிறாள். வேப்பமரத்தடியில் நிற்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டதற்குப் பதில் வரும்வரை நிற்பவள் போல நிற்கிறாள்.

இன்றும் அமாவாசை. காலையிலிருந்து வயிறு காலி. அடுப்படியில் வெல்லம் நுணுக்குகிற சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடுவேன் என்றுதான் எழுந்திருக்கிறேன்.

பஞ்சவர்ணம் சொம்போடு வந்து நின்றாள். இப்போதெல்லாம் அளவு கேட்பதில்லை.

“பேச்சி வந்துட்டா” என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.